தெர்மாமீட்டருக்குக் குளிரக் கூடாது

துர்சுன் உஸ்தாவின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துவிட்டன. கரயாயிலா நகராட்சியின் பனி வண்டிப் பட்டறையில் வேலை பார்க்கிற உஸ்தாவுக்கு, அதாவது மேஸ்திரிக்கு, இது நடக்கிறதுதான். பனி தள்ளும் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் நட்டைத் திருக முடியும். கையுறை போட்ட கைக்கு மரை எங்கே ஏறுகிறது, எங்கே பிசகுகிறது என்று தெரியாது. இரும்போ ராத்திரி முழுக்க மலைப்பாதையில் நின்று வந்த இரும்பு. தொட்டால் தோலைப் பிடித்துக்கொண்டு விடாது.

ஆஸ்பத்திரி டாக்டர் அந்த விரல்களை அமுக்கிப் பார்த்தார். "இன்னொரு குளிர்காலம் இப்படியே போச்சுன்னா ரெண்டையும் எடுத்துற வேண்டியதுதான்" என்றார். சொத்தைப் பல்லைப் பற்றிப் பேசுகிற மாதிரிச் சொன்னார்.

"எடுத்துட்டா நட்டை எதால திருகுறது?" என்று துர்சுன் கேட்டார்.

"சூடா வச்சுக்கோங்க உஸ்தா. அவ்வளவுதான் மருந்து."

மருந்து என்னவோ சுலபம்தான். அந்தப் பட்டறைக்குக் கதவு மசூதி வாசலைவிட உயரம். லாரி உள்ளே வரும்போதெல்லாம் அது திறக்கும். திறந்தால் மலை முழுக்க உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்பு ஒரு தகர டிரம்மில் கழிவு எண்ணெயை ஊற்றி எரித்துக் காய்ந்தார்கள். மேயருடைய மச்சான் ஒருநாள் வந்தபோது அவருடைய வெள்ளைத் துண்டில் கரி படிந்தது; டிரம்மைத் தடை செய்தார்கள். பிறகு சூடான காற்று ஊதுகிற மெஷின் ஒன்று வந்தது. அது ஊதின காற்று நேரே கூரைக்குப் போய் அங்கிருந்த புறாக்களைச் சூடாக்கியது. புறாக்கள் அந்த வருஷம் தை மாசக் குளிரில் முட்டை போட்டன. கீழே மனுஷன் விறைத்துக் கிடந்தான்.

அதற்கப்புறம்தான் சிவப்பு ஹீட்டர்கள் வந்தன. கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும். வாயுவில் எரியும். உள்ளே இருக்கிற மண் தகடுகள் அடுப்புத் தணல் மாதிரிச் சிவக்கும். மாட்ட வந்தவன் துர்சுனைக் கூப்பிட்டுச் சொன்னான்:

"இது காத்தைச் சூடு பண்ணாது உஸ்தா. எதிர்ல யார் இருக்காங்களோ அவங்களைத்தான் சூடு பண்ணும். கதவைத் திறந்தா காத்து ஓடிரும். நீங்க ஓட மாட்டீங்கல்ல?"

துர்சுனுக்கு அது பாதிதான் புரிந்தது. மீதியை முதுகு புரிந்துகொண்டது. முதுகில் வெயில் விழுந்தது. பழுது பார்க்கிற பள்ளத்துக்கு மேலே நின்ற லாரியின் இரும்பு சூடானது, கையிலிருந்த ஸ்பேனர் சூடானது. மூச்சு மட்டும் புகையாக வந்தது. பக்கத்தில் வெல்டிங் பார்க்கிற இத்ரீஸ் தொப்பியைக் கழற்றி, வழுக்கையை ஹீட்டருக்குக் காட்டிக்கொண்டு நின்றான்.

"தாதாஷ், நம்ம பட்டறையில மே மாசம் வந்துருச்சு" என்றான். அவனுக்கு எல்லோரும் தாதாஷ்தான், அண்ணன்தான். "யாரும் மாடிக்குச் சொல்லிறாதீங்க. திரும்ப வாங்கிக்குவாங்க."

ஒரு வாரத்தில் துர்சுனின் விரல்களில் ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது. யாரும் சொல்லாமலே மாடிக்குத் தெரிந்துவிட்டது.

மாடியில் பணியிட வெப்ப இயக்குநரகம் இருந்தது. மூன்று அடுக்குக் கண்ணாடி போட்ட ஜன்னலுக்குப் பின்னால், குளிர்காலத்திலும் அரைக்கைச் சட்டையோடு, தஹ்சின் பே, அதாவது தஹ்சின் துரை, அதை இயக்கிக்கொண்டிருந்தார். பட்டறைக்குள் அவர் கால் வைத்ததில்லை. வைத்தால் முடிவெடுக்கும் திறன் பாதிக்கப்படும் என்பார். அவருக்குப் பதிலாக அவருடைய அளவையாளர் நெவ்ஸாத் வருவார்.

நெவ்ஸாத் ஒல்லி. நேர்மையானவர். அந்த அலுவலகத்தில் அது ஒரு குறையாகக் கருதப்படவில்லை. ஏனென்றால் அவருடைய நேர்மை முழுவதும் தெர்மாமீட்டர் மேல்தான் இருந்தது. தேநீர்த் தட்டு அளவுக்கு வட்டமான முள் வைத்த தெர்மாமீட்டர் அது. நீல வெல்வெட் பெட்டியில் கொண்டுவந்தார். வேலையால் கருவிக்குத் தொந்தரவு வரக் கூடாது என்பது விதி. அதனால் ஒருவரும் வேலை செய்யாத பின்சுவரில் அதை மாட்டினார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். பலமாக மூச்சு விட வேண்டாம் என்றார். இழவு வீடு மாதிரி எல்லோரும் நின்றார்கள்.

"ரெண்டு டிகிரி" என்று அறிவித்தார் நெவ்ஸாத். "ஹீட்டர் வேலை செய்யலை."

"எனக்குச் சூடா இருக்கே" என்றார் துர்சுன்.

"உங்களை யாரும் அளக்கலை உஸ்தா."

"அட, இங்க வந்து நின்னு பாரு தாதாஷ்" என்று இத்ரீஸ் அவர் கையைப் பிடித்து இழுத்து ஹீட்டருக்குக் கீழே நிறுத்தினான். நெவ்ஸாத்தின் மூக்குக் கண்ணாடியில் படிந்திருந்த பனி கரைந்தது. காது சிவந்தது. கோட்டின் மேல் பொத்தானை அவரே அறியாமல் அவிழ்த்தார். பிறகு திடுக்கிட்டு, கெட்ட இடத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் மாதிரி வெளியே தாண்டினார்.

"எனக்கும் சூடாத்தான் இருக்கு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஆனா நான் கருவி இல்லையே."

மறுநாள் துர்சுனை மாடிக்குக் கூப்பிட்டார்கள். அறைக்குள் நுழைந்ததும் துர்சுனுக்கு வியர்த்தது. தஹ்சின் பே உட்காரச் சொல்லவில்லை.

"உஸ்தா, சர்க்கார் எதுக்குப் பணம் ஒதுக்குச்சு தெரியுமா? 'பட்டறையைச் சூடாக்க.' பட்டறையை! 'துர்சுனைச் சூடாக்க'ன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"நான் பட்டறைக்குள்ளதான பே இருக்கேன்."

"அது உங்க வசதிக்கு இருக்கீங்க. விஷயம் என்னன்னா, பட்டறை மேல விழ வேண்டிய சூட்டை உங்க முதுகுல வாங்கிக்கிட்டு இருக்கீங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப அதை இறக்கி வச்சுட்டா போறீங்க?"

துர்சுன் யோசித்துப் பார்த்தார். இறக்கி வைத்ததாக ஞாபகம் இல்லை.

"பாத்தீங்களா! நகராட்சிச் சொத்து தினமும் உங்க கோட்டுக்குள்ள வெளிய போயிட்டிருக்கு. நான் இதைத் திருட்டுன்னு சொல்லலை. நீங்க வயசானவர். கசிவுன்னு சொல்றேன்."

"பே, என் விரலைப் பாருங்க. டாக்டர் வெட்டணும்ங்கிறார். அந்தச் சூடு இருந்தா—"

"விரல் சுகாதாரத் துறை" என்றார் தஹ்சின் பே. "கீழ் மாடி, இடது பக்கம். நான் வெப்பம்."

அன்று மத்தியானமே ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். ஹீட்டர்கள் எல்லாவற்றையும் சங்கிலியைத் திருகிப் பின்சுவர்ப் பக்கம் திருப்பினார்கள். எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்தன. யாரும் மறுபடி திருப்பாமலிருக்கச் சங்கிலியில் ஈய முத்திரை வைத்தார்கள். எதிரே இருந்தது வெறும் செங்கல் சுவர். அதன் நடுவில், தட்டளவு தெர்மாமீட்டர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது.

"முப்பத்திமூணு!" என்றார் நெவ்ஸாத்.

தஹ்சின் பே மாடியில் எல்லோருக்கும் கதாயிஃப் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். கீழே துர்சுன் இருளடைந்த பள்ளத்தில் இறங்கினார். லாரியின் அடிவயிற்றிலிருந்து பனிக்கட்டி ஊசி ஊசியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இதோடு நின்றிருந்தால் பழைய கதைதான், டிரம் காலத்துக் கதை. ஆனால் முப்பது டிகிரிக்கு மேல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று இயக்குநரகத்தில் விதி இருந்தது. தெற்கே பருத்தி வயல் பக்கத்திலிருந்து யாரோ எழுதி அனுப்பியது. தஹ்சின் பே அதை எடுத்துத் தூசி தட்டினார். கடுவெப்ப முன்னெச்சரிக்கை அமலுக்கு வந்தது.

முதலில் காற்றோட்டத்துக்காகக் கதவைத் திறந்து வைத்தார்கள். அது திறந்தே கிடந்தது. பனி உள்ளே வந்து இத்ரீஸின் வெல்டிங் மேஜைமேல் உட்கார்ந்தது. அடுத்து, கம்பளிக் கோட்டுகளை வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்தார்கள். வெப்பத்தில் மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு? ஓலைத் தொப்பி கொடுத்தார்கள். மத்தியானம் ஒரு வண்டியில் குளிர்ந்த அய்ரான் மோர் வந்தது. ஊற்ற வந்தவன் கரண்டியை விட்டான். கரண்டி உள்ளே போகவில்லை. சுத்தியலால் உடைத்து ஆளுக்கொரு கட்டி கொடுத்துவிட்டுப் போனான்.

இத்ரீஸ் ஓலைத் தொப்பியோடு மோர்க் கட்டியை நக்கிக்கொண்டே சொன்னான்: "உஸ்தா, இனி கடற்கரை மணல் மட்டும்தான் பாக்கி. அதையும் எழுதிக் கேப்போமா?"

"கேக்காத. அனுப்பிருவாங்க" என்றார் துர்சுன்.

சிரித்துத்தான் சொன்னார். ஆனால் அன்று ஒரு நட்டு அவர் கையிலிருந்து நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. நழுவினதே அவருக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டுத்தான் குனிந்து பார்த்தார். கையைப் பார்த்தார். இரண்டு விரலும் மறுபடி வெளுத்திருந்தன.

தேநீர் வேளையில் சர்க்கரைக் கட்டியைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, கண்ணாடிக் குவளையோடு அவர் நேரே பின்சுவருக்கு நடந்தார். தெர்மாமீட்டருக்கு முன்னால் நின்று, முதுகை அதற்குக் காட்டி, கையை ஹீட்டர்களைப் பார்த்து நீட்டினார். ஆஹா என்று வாய்விட்டுச் சொன்னார்.

"முள் இறங்குது!" என்று அலறினார் நெவ்ஸாத். "உஸ்தா, நகருங்க! இருபத்தெட்டு! இருபத்தி மூணு! ஐயோ, அதுக்குக் குளிருது!"

"எனக்கும்தான் குளிருது."

"உங்களுக்குக் குளிர்றதுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லையே! இதுக்கு நான்தான் பொறுப்பு!"

விசாரணை நடந்தது. கருவியின் மேல் நிழல் போட்ட குற்றம். தஹ்சின் பே கோபப்படவே இல்லை. அதுதான் துர்சுனுக்குப் பயமாக இருந்தது.

"உங்க மேல எனக்கு இரக்கம்தான் உஸ்தா" என்றார். "முப்பத்திமூணு டிகிரி சூட்டுல வயசானவருக்குப் புத்தி தடுமாறும். அதனால உங்களை நல்ல காத்து வர்ற இடத்துக்கு மாத்துறேன். கதவுக்குப் பக்கத்துப் பள்ளம். என்ன, சந்தோஷமா?"

"அங்க இரும்பே உறைஞ்சு கிடக்கு பே."

"பாத்தீங்களா, ஜில்லுன்னு இருக்கும். நன்றி எல்லாம் வேண்டாம்."

தெர்மாமீட்டரைச் சுற்றிக் கம்பித் தடுப்புப் போட்டார்கள். வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்த காவலாளியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தடுப்புக்குள் யாரும் வராமல் பார்க்க வேண்டும். அவனும் உள்ளே போகக் கூடாது. பாவம், ஒரு முழம் தள்ளி வெயில் அடித்துக்கொண்டிருக்க, நிழலில் நின்று பல்லைக் கிட்டிக்கொண்டு வெயிலுக்குக் காவல் காத்தான்.

வீட்டில் குலிஸார், துர்சுனின் மனைவி, அந்த இரண்டு விரலையும் தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவள் முகம் இறுகியது.

"வலிக்குதா?"

"இல்லை."

"வலிக்கலைன்னா அதுதான் மோசம்" என்றாள். "ஏன்யா, முப்பது வருஷமா இந்த ஊருக்குப் பாதை திறந்து விட்டிருக்க. உனக்கு ஒரு ஹீட்டர் திருப்ப ஆளில்லையா? இன்னும் எத்தனை நாள் 'பே, பே'ன்னு மாடிப்படி ஏறப் போற?"

"அவங்க விதி அப்படி."

"விதியா விரலை வெட்டிக்குது? வெட்டிக்கப் போறது நீ. போ, நாளைக்கு நீ அசையாம நில்லு. அவங்க அசையட்டும்."

சாதாரணமாக அவள் சொன்னதைத் துர்சுன் மறுநாளே மறந்துவிடுவார். இதை மறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பரிசு வந்தது. நாட்டிலேயே மிகவும் கதகதப்பான குளிர்ப்பிரதேசப் பணிமனை என்று பணியிடச் சௌகரிய வாரியம் பட்டறையைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதைக் கொடுக்க அங்காராவிலிருந்து முவல்லா ஹானும் என்ற அம்மணி தலைமையில் ஒரு குழு. தஹ்சின் பே முன்கூட்டியே குறிப்பு அனுப்பினார்: பணிமனையில் முப்பத்திமூன்று டிகிரி, விருந்தினர் மெல்லிய உடையில் வருவது நல்லது.

வந்தார்கள். முவல்லா ஹானும் பட்டுச் சட்டை. கூட வந்தவர்கள் கோடைக்கால சூட். கம்பளிகளை ஓட்டலிலேயே வைத்துவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பட்டறைக்குள் நுழைந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பத்திமூன்று டிகிரியில் குளிருகிறது என்று எந்த அதிகாரி முதலில் சொல்வார்?

அன்று காலை முதலே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மலைப்பாதையைத் திறக்க வேண்டிய பெரிய லாரி, துர்சுனின் பள்ளத்துக்கு மேலே, பனி தள்ளும் முன் தகட்டின் கீல் போல்ட்டு உடைந்து கிடந்தது. விழாவில் சத்தம் வரக் கூடாது என்று வேலையை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். துர்சுனும் இத்ரீஸும் மற்ற ஆட்களும் ஓலைத் தொப்பியோடு வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

தஹ்சின் பே முதல்முறையாகப் பட்டறைக்குள் வந்தார். அரைக்கைச் சட்டையில்தான் வந்தார். அவருக்குத் தன் கணக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை. விருந்தினர்கள் உட்கார்ந்திருந்த மேடையில் ஏறிப் பேச ஆரம்பித்தார்.

"மதிப்புக்குரிய விருந்தினர்களே! நான் பொறுப்பேற்குமுன் இங்கே ஊழியர்களுக்குக் குளிர்கிறது என்று புகார்கள் வந்தன. ஊழியர்களை நம்பி எத்தனை காலம் நிர்வாகம் நடத்துவது? ஒருவனுக்குக் குளிரும், ஒருவனுக்குக் குளிராது. உடம்புக்கு ஒழுக்கம் கிடையாது. ஆகவே நான் உடம்பைக் கணக்கிலிருந்து நீக்கினேன். நீக்கிய அன்றே முப்பத்திமூன்று! இன்று இங்கே ஒரு புகாரும் இல்லை. ஏன்? புகார் எழுதக் கையில் தெம்பு... அதாவது... எழுத வேண்டிய தேவை இல்லை. இந்த வெற்றியின் ரகசியம் என்ன என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். இந்தப் பட்டறைக்குள் நான் ஒருநாளும் வந்ததில்லை!"

கைதட்டல் எழுந்தது. விருந்தினர்கள் விடாமல் தட்டினார்கள். தட்டினால் கை கொஞ்சம் சூடாகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

துர்சுன் தன் கையைத் தட்டிப் பார்த்தார். வலது கையில் இரண்டு விரல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. மரக்கட்டையால் தட்டுகிற மாதிரி. அவர் ஓலைத் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். வரிசையை விட்டு நடந்தார். காவலாளி பார்த்தான். தடுப்பின் கம்பியைத் தானே தூக்கிப் பிடித்தான். துர்சுன் உள்ளே போய்த் தெர்மாமீட்டருக்கு முன்னால் நின்றார்.

"உஸ்தா!" என்றார் தஹ்சின் பே, பேச்சின் நடுவில். "என்ன இது?"

"காயுறேன்."

"நகருங்க!"

"மாட்டேன்."

"விருந்தாளிங்க இருக்காங்க!"

"இருக்கட்டும். என் விரலுக்கும் அவங்களைப் பாக்கணுமாம்."

"இருபத்திரெண்டு" என்றார் நெவ்ஸாத் அழாத குறையாக. "பதினாறு..."

இத்ரீஸ் வந்து துர்சுனுக்குப் பக்கத்தில் நின்றான். "நகருங்க உஸ்தா, எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்க. வழுக்கை உறைஞ்சு போச்சு." அப்புறம் மற்றவர்கள். காவலாளி கம்பியைப் பிடித்தபடியே கடைசியில் தானும் நுழைந்துவிட்டான். சுவர் முழுக்க ஆட்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் தெர்மாமீட்டர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை பேசியது.

"மைனஸ் ஆறு" என்றார் நெவ்ஸாத்.

"உங்க எல்லாரையும் வேலையை விட்டு அனுப்பிருவேன்!" என்று கத்தினார் தஹ்சின் பே. பாதி வார்த்தை பல் கிட்டியதில் நசுங்கியது.

"அனுப்புங்க. சூடான பிறகு போறோம்" என்றார் துர்சுன்.

அப்போது முவல்லா ஹானும் மேடையை விட்டு இறங்கினார். நிதானமாகத்தான் நடக்க முயன்றார். கடைசி நாலு அடியை ஓடிவிட்டார். துர்சுனுக்கும் இத்ரீஸுக்கும் நடுவில் வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய குழு முழுவதும் பின்னாலேயே வந்தது. மேடையில் தஹ்சின் பே மட்டும் தனியாக நின்று, காலியான நாற்காலிகளுக்கு முப்பத்திமூன்று டிகிரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னார்.

பஸ் டிரைவர் தலையெல்லாம் பனியோடு ஓடிவந்தான். "கணவாய் மூடிக்கிட்டிருக்கு ஹானும்! முன்னாடி பனி லாரி போனாத்தான் நம்ம பஸ் போகும். இப்ப கிளம்பலைன்னா வசந்தம் வரைக்கும் இங்கதான்!"

எல்லோரும் துர்சுனைப் பார்த்தார்கள்.

"போல்ட்டு மாத்தணும்" என்றார் துர்சுன். "நான் மாத்துவேன். ஆனா கதவுப் பக்கத்துல, அந்த உறைஞ்ச இரும்புக்கு அடியில படுக்க மாட்டேன். ஹீட்டர் என் பள்ளத்துப் பக்கம் திரும்பணும். கதவை மூடணும். திரும்பினது திரும்பினதாவே இருக்கணும், இன்னிக்கு மட்டும் இல்லை."

"முடியாது!" என்றார் தஹ்சின் பே. "முத்திரை வச்சிருக்கு. திருப்பினா அளவு விழுந்துரும். பரிசே போயிரும்!"

"அப்ப நீங்க படுங்க பே. ஸ்பேனர் அங்க இருக்கு."

முவல்லா ஹானும் கண்ணைத் திறக்காமலே பேசினார். "தஹ்சின் பே, முப்பத்திமூணுன்னு பித்தளையில பொறிச்சுக் கொண்டாந்துட்டேன். அதை அழிக்கிறதுக்கு நான் அமைச்சகத்துல அஞ்சு பேருகிட்ட விளக்கம் சொல்லணும். எனக்கு அளவு விழக் கூடாது. ஆனா நான் இங்க உறைஞ்சும் சாகக் கூடாது. ரெண்டையும் எப்படிப் பண்றதுன்னு யோசிங்க. அதுக்குத்தான் சம்பளம்."

தஹ்சின் பே யோசித்தார். அவருக்கு யோசித்துப் பழக்கம் மாடியில்தான், கீழே வரவில்லை.

நெவ்ஸாத்தான் மெல்லத் தொண்டையைச் செருமினார். "கருவி சூடா இருக்கணும்... அவ்வளவுதானே விதி? எங்க இருக்கணும்னு விதியில... வேலையால தொந்தரவு இல்லாத இடம்னுதான் இருக்கு." சொல்லிவிட்டு, சுவரிலிருந்து தெர்மாமீட்டரைக் கழற்றினார். சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தார். அந்தத் தட்டை நெஞ்சோடு வைத்து, மேலே பொத்தானைப் போட்டு, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"முப்பத்திநாலு" என்றார். "ஒண்ணு கூடவே இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. சொல்லவும் அவருக்குத் தெரியாது.

முவல்லா ஹானும் தலையசைத்தார். தஹ்சின் பே தலையசைத்தார். அந்த இயக்குநரகத்தில் அதற்குப் பெயர் தீர்மானம். நெவ்ஸாத்துக்கு அன்றிலிருந்து வேலை, தெர்மாமீட்டருக்குச் சட்டைக்குள் இடம் கொடுத்து, ஹீட்டருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்வது. அவருடைய காதும் மூக்கும் அந்தக் குளிர்காலம் முழுக்க நல்ல நிறமாக இருந்தன.

இத்ரீஸ் ஏணியில் ஏறி ஈய முத்திரையைக் குறட்டால் நறுக்கினான். அந்தச் சத்தத்துக்கு, பரிசுக்குத் தட்டியதைவிடப் பலமாக ஆட்கள் கை தட்டினார்கள். சங்கிலி கிறீச்சிட்டது. சிவப்புத் தகடுகள் ஒவ்வொன்றாகச் சுவரை விட்டுத் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தன. பெரிய கதவை மூடினார்கள். லாரியின் வயிற்றிலிருந்து பனிக்கட்டி சொட்டத் தொடங்கியது.

துர்சுன் கையுறையைக் கழற்றிவிட்டு அடியில் இறங்கினார். முதலில் விரல்களில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி எரிந்தன. அவர் பெரிய குரலில் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். சந்தோஷத்தில் இன்னொன்று சொன்னார். பட்டுச் சட்டை அம்மணியின் காதில் விழுந்தது; அவர் விழாததாக வைத்துக்கொண்டார். எரிச்சல் தணியத் தணிய மரை கைக்குப் பிடிபட்டது. புதுப் போல்ட்டு முதல் சுற்றில் இடறியது, பின்னுக்கு எடுத்து மறுபடி வைத்தார், ஏறியது.

மேலே தஹ்சின் பே வந்து குந்தினார். யாரோ கொடுத்த கம்பளி மேலே இருந்தது. கையில் ஒரு தாள், ஒரு பேனா.

"உஸ்தா, நடந்தது நடந்துச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. 'முப்பத்திமூன்று டிகிரியில் வேலை செய்தேன், எனக்கு எக்குறையும் இருந்ததில்லை.' அவ்வளவுதான். பரிசோட இணைக்கணும்."

"முடியாது பே" என்றார் துர்சுன், நட்டைத் திருகிக்கொண்டே. "விரல் மரத்துப் போச்சு. பேனா பிடிக்க வரலை."

"இப்ப நட்டு திருகுறீங்களே!"

"நட்டு வருது. பேனாதான் வரலை. டாக்டரை வேணா கேட்டுப் பாருங்க. கீழ் மாடின்னு நினைக்கிறேன்."

"உஸ்தா, ஒரு கோடு இழுத்தாக் கூடப் போதும். கட்டைவிரல் இருக்கே, அதை வைங்க!"

துர்சுன் இன்னும் உள்ளே நகர்ந்தார். பூட்ஸ் மட்டும்தான் வெளியே தெரிந்தது. தஹ்சின் பே தாளை நீட்டியபடி, முழங்காலில் எண்ணெய் படிய, தரையோடு தரையாகக் குனிந்து மறுபடி மறுபடி கூப்பிட்டார். லாரிக்கு அடியிலிருந்து சுத்தியல் சத்தம்தான் பதிலாக வந்தது.